உழவர் சந்தை, திராட்சைத் தோட்டம், ஒயின் ஆலை, சின்னப் பண்ணைகள்: போறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

தேனி, மதுரைப் பக்கம் வர்ற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், அவங்க ஃப்ரெண்ட்ஸ்னு யாராவது போன் பண்ணி இதே கேள்விகளக் கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறதுக்குப் பதிலா ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. முதல்ல சந்தை, அப்புறம் கம்பம் திராட்சை, ஒயின், கடைசியா சின்னத் தோட்டங்களுக்குப் போறது.

உழவர் சந்தைனா என்ன, எங்க ஏரியா காய்கறி மார்க்கெட்டும் அதும் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்லங்க. சாதாரண மார்க்கெட்ல கடை வச்சிருக்கவங்க வியாபாரிங்க, எங்கயோ மொத்தமா வாங்கிட்டு வந்து விப்பாங்க. உழவர் சந்தைல விளைய வச்சவங்களே உக்காந்து விக்கணும், அதான் அதோட அடிப்படையே. 1999 நவம்பர் 14ல மதுரை அண்ணா நகர்லதான் முதல் சந்தைய அப்ப முதலமைச்சரா இருந்த கருணாநிதி திறந்து வச்சார். அதுக்கு முன்னாடியே பஞ்சாப்ல அப்னி மண்டினு ஒண்ணு இருந்துச்சு, ஆந்திரால அதே 1999 ஜனவரில ரைத்து பஜார் ஆரம்பிச்சாங்க, அதையெல்லாம் பாத்துட்டுதான் இங்கயும் கொண்டு வந்தாங்க. நடுவுல சில வருஷம் கண்டுக்காம விட்டு நிறைய சந்தை வெறிச்சோடிப் போச்சு, 2006க்கு அப்புறம் திரும்ப உசுரு வந்துச்சு.

விவசாயிக்கு கடை வாடகை கிடையாது, தராசு சந்தைலயே குடுப்பாங்க, கமிஷன்னு யாரும் கை நீட்ட முடியாது. கமிஷன் மண்டில நூறு ரூவாய்க்கு காய் போட்டா கமிஷன், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் போக மிச்சம்தான் கைக்கு வரும். இங்க நீங்க குடுக்குற காசு அப்படியே அவங்க மடிக்குப் போகுது. எனக்கு இந்த சந்தை மேல இவ்ளோ பாசம் இருக்குறதுக்கு காரணமே இதுதான்.

எத்தன மணிக்குப் போனா நல்ல காய் கிடைக்கும்? சண்டே பத்து மணிக்குப் போனேன், ஒண்ணுமே இல்ல

பத்து மணின்றது சந்தைக்கு சாயங்காலம் மாதிரி. அவங்க விடியறதுக்கு முன்னாடியே வந்துருவாங்க, ஆறு ஆறரைக்குள்ள போனீங்கன்னா கீரை எல்லாம் அப்பதான் கட்டு பிரிச்சு வைப்பாங்க, தண்டு ஈரமா இருக்கும். கீரை, வெண்டை, பிஞ்சு கத்திரி இதெல்லாம் எட்டு மணிக்கு மேல நல்லது கிடைக்கிறது கஷ்டம். சின்ன வெங்காயம், தேங்கா, பூசணி, சேனை மாதிரி தாங்குற பொருளுக்கு கொஞ்சம் லேட்டா போனாலும் பரவால்ல.

மதியத்துக்குள்ள சந்தை முடிஞ்சிரும். சில ஊர்ல சாயங்காலமும் திறந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்க சிறுதானியம், பருப்பு, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை விக்கிறாங்க. அது ஊருக்கு ஊர் மாறும், உங்க சந்தை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

விலைய யாரு முடிவு பண்றாங்க? பேரம் பேசலாமா பேசக் கூடாதா?

தினமும் காலைல சந்தை அதிகாரிங்க பக்கத்துல இருக்குற மொத்த மார்க்கெட் விலையையும் வெளிக்கடை விலையையும் விசாரிச்சு, விவசாயிங்களோட பேசி விலைய முடிவு பண்ணி வாசல்ல போர்டுல எழுதிப் போட்டுருவாங்க. மொத்த விலைய விட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளிக்கடை சில்லறை விலைய விட 15 சதவீதம் மாதிரி கம்மி, இதுதான் கணக்கு. அதாவது விக்கிறவருக்கும் லாபம் வாங்குறவருக்கும் லாபம், நடுவுல போற காச ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குறீங்க.

அதனால உள்ள நுழையும்போதே போர்ட ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க. போர்டு விலைக்கு மேல யாராவது கேட்டா தாராளமா கேள்வி கேளுங்க. ஆனா போர்டு விலைக்கும் கீழ இறக்கணும்னு நிக்காதீங்க, தயவு செஞ்சு. மால்ல தண்ணி பாட்டிலுக்கு பேரம் பேசாம குடுத்துட்டு வந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கீரை அறுத்து கட்டி பஸ் ஏறி வந்த அக்காகிட்ட ரெண்டு ரூவாய்க்கு மல்லுக்கட்டுறத பாக்கும்போது எனக்கு மனசு கேக்காது. சந்தை கலையிற நேரத்துல அவங்களே கூறு கட்டி கம்மியா குடுப்பாங்க, அப்ப வாங்கிக்கலாம், அது அவங்களுக்கும் உதவிதான், திரும்பத் தூக்கிட்டுப் போக வேண்டாம்ல.

அங்க இருக்குறவங்க நிஜமாவே விவசாயிங்கதானா? வியாபாரிங்கதான் உக்காந்திருக்காங்கனு எங்க மாமா சொல்றாரு

உங்க மாமா சொல்றது முழுசா பொய் இல்ல, அந்தப் புகார் ஆரம்பத்துல இருந்தே இருக்கு. விவசாயிக்கு ஃபோட்டோ ஒட்டின அடையாள அட்டை குடுப்பாங்க, அதுக்கு முன்னாடி வேளாண்மை, தோட்டக்கலை அலுவலருங்க நிலத்தப் போய்ப் பாத்து என்ன பயிர், எவ்ளோ பரப்புனு குறிச்சுக்கணும். அட்டைல இருக்குறவரோ அவங்க வீட்டு ஆளோதான் விக்கலாம். ஆனாலும் அட்டைய இன்னொருத்தர்கிட்ட குடுக்குறது, தன் காயோட மண்டிக் காயையும் சேத்து வச்சு விக்கிறது எல்லாம் நடக்கத்தான் செய்யுது.

கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம் இல்ல. ஒரே ஆள்கிட்ட பதினஞ்சு வகைக் காய், எல்லாம் ஒரே சைஸ்ல அடுக்கி வச்ச மாதிரி இருந்தா யோசிக்கணும். ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வச்சிருக்கவங்ககிட்ட அன்னிக்கு மூணு நாலு பொருள்தான் இருக்கும், பெருசு சிறுசு கலந்து, மண்ணு ஒட்டி, ஒண்ணு ரெண்டு பூச்சி கடிச்சு. "அண்ணே எந்த ஊரு, இது எத்தனாவது பறிப்பு"னு சும்மா பேச்சுக் குடுங்க. விளைய வச்சவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும், நிறுத்தாம பேசுவாரு. சந்தேகமா இருந்தா ஒவ்வொரு சந்தைலயும் நிர்வாக அலுவலர் ஆபீஸ் இருக்கு, அங்க சொல்லலாம், சொல்லவும் செய்யணும், ஏன்னா அந்த இடம் வெளில காத்திருக்குற ஒரு நிஜ விவசாயியோட இடம்.

மதுரைல கேரட்டும் பீட்ரூட்டும் விளையாதே, அப்ப அத விக்கிறவரு மட்டும் எப்படி விவசாயி?

மலைல இருந்து கொண்டு வர்றவங்க இருக்காங்க. கொடைக்கானல், நீலகிரி பக்கம் விளையிறத சமவெளி சந்தைக்கு கொண்டு வந்து விக்க ஏற்பாடு இருக்கு, மகளிர் குழுக்களுக்கும் சில இடத்துல கடை குடுத்திருக்காங்க. அதனால கேரட் இருந்தாலே ஏமாத்துனு நினைக்க வேண்டாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிலயே உழவர் சந்தை இருக்கு, டூர் போறவங்க ஹோட்டல் வாசல்ல வாங்குறத விட அங்க ஒரு எட்டு போய்ட்டு வாங்க.

கொடைக்கானல் மலைப்பூண்டு, சிறுமலை, விருப்பாச்சி மலை வாழைப்பழம் மூணுக்கும் புவிசார் குறியீடு இருக்குறதால அந்தப் பேரச் சொல்லி எதையாவது தலைல கட்டுறதும் நடக்குது. மேல சொன்ன அதே பேச்சுக் குடுக்குற வேலைதான், வேற வழி இல்ல.

பை, சில்லறை, ஜிபே, இதெல்லாம் எப்படி?

துணிப்பை ரெண்டு மூணு எடுத்துட்டுப் போங்க, தக்காளிக்குனு தனியா ஒரு கூடை இருந்தா இன்னும் நல்லது. ஜிபே நிறைய பேர்கிட்ட இருக்கு, ஆனா வயசானவங்க பல பேர் அவங்க பையன் நம்பர்ல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, காசு வந்துச்சானு அவங்களுக்குத் தெரியாது, சாயங்காலம் பஸ்ஸுக்கு கைல இருக்காது. அதனால சில்லறையா காசு கொண்டு போறதுதான் முறை. அதிகாலைல ஐநூறு ரூவா நோட்ட நீட்டாதீங்க.

சந்தை வாசல்ல ரோட்டுல சாக்கு விரிச்சு விக்கிறாங்களே, அவங்ககிட்ட வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா அங்க போர்டு விலை, முத்திரை போட்ட தராசு எதுவும் கட்டாயம் இல்லாத மாதிரிதான் நடக்கும். அட்டை இன்னும் கிடைக்காத நிஜ விவசாயியும் அதுல இருப்பாரு, உள்ள இடம் கிடைக்காத வியாபாரியும் இருப்பாரு. நான் முதல்ல உள்ள வாங்கிட்டு, கிடைக்காதத மட்டும் வெளில வாங்குவேன். வாசல்லயே வாங்கிட்டுத் திரும்பிப் போயிட்டா உள்ள உக்காந்திருக்கவங்க பொருள் அப்படியே கிடக்கும்.

கம்பத்துல திராட்சை எந்த மாசம்? சீசன் முடிஞ்சிருச்சானு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கோட விசேஷமே அதுதாங்க, அங்க வருஷம் பூராம் எங்கயாவது ஒரு தோட்டத்துல வெட்டு நடந்துட்டே இருக்கும். கவாத்து பண்ணி, அதாவது கிளைய வெட்டி விட்டு, ஏறக்குறைய நாலு மாசத்துல பழம் வெட்டுக்கு வரும், ஒரு கொடில வருஷத்துக்கு ரெண்டு வெட்டு எடுப்பாங்க, சில பேர் அதுக்கும் மேல. ஒவ்வொருத்தரும் வேற வேற தேதில கவாத்து பண்றதால ஒரு தோட்டம் வெறும் குச்சியா நிக்கும், பக்கத்துத் தோட்டம் பூவுல இருக்கும், அதுக்கு அடுத்தது கருப்பா தொங்கும். இந்தியால வேற எங்கயும் இத சுலபமா பாக்க முடியாது. நாசிக் பக்கம் எல்லாம் வருஷத்துக்கு ஒரு வெட்டுதான்.

பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க் ரகம், அதுதான் இங்க பிரதானம், 2023ல கம்பம் பன்னீர் திராட்சைனு புவிசார் குறியீடும் வாங்கிருச்சு. 1832ல ஒரு ஃபிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்ததா சொல்றாங்க. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி இங்கல்லாம் கல்லுக்கால் நட்டு கம்பி இழுத்த பந்தலு ஏக்கர் கணக்குல இருக்கும். ஓடைப்பட்டி விதையில்லா திராட்சைக்குப் பேர் போனது. விதையில்லாதது வேணும்னா வருஷ ஆரம்பத்துல, ஜனவரில இருந்து ஏப்ரலுக்குள்ள வாங்க. அக்டோபர் நவம்பர் அடை மழைல மட்டும் வர வேண்டாம்னு சொல்லுவேன், மழைல பழம் வெடிச்சு அழுகும், தோட்டத்துக்காரங்க மனசு நல்லா இருக்காது, அந்த நேரத்துல போய் செல்ஃபி எடுக்குறது சரியில்ல.

இந்தப் பச்சை எல்லாம் முல்லைப் பெரியாறு தண்ணில வந்தது. 1895ல அணை கட்டி முடிச்ச பென்னிகுவிக் பேர இன்னைக்கும் இங்க பிள்ளைங்களுக்கு வைக்கிறாங்க, பொங்கல் அன்னிக்கு அவர் படத்துக்கு மாலை போடுறாங்க. லோயர் கேம்ப்ல மணிமண்டபம் இருக்கு, திராட்சை பாக்க வர்றவங்க அரை மணி நேரம் ஒதுக்கி அதையும் பாத்துட்டுப் போங்க, அப்பதான் பந்தலுக்குக் கீழ ஓடுற தண்ணியோட மதிப்பு புரியும்.

தோட்டத்துக்குள்ள விடுவாங்களா? டிக்கெட்டா?

சுருளி அருவிக்குப் போற ரோட்டுல, சுருளிப்பட்டிய ஒட்டி இருக்குற சில தோட்டங்க டூரிஸ்ட்டுக்குனே திறந்து வச்சிருக்காங்க. உள்ள போய்ப் பாக்கலாம், ஃபோட்டோ எடுத்துக்கலாம், வாசல்ல பழம், ஜூஸ், ஜாம் எல்லாம் விப்பாங்க. முதல் தடவ குடும்பத்தோட வர்றவங்களுக்கு இதுவே போதும்.

மத்த தோட்டங்க எல்லாம் தனியார் நிலம். வேலி இல்லனு உள்ள நடந்துறக் கூடாது. வாசல்ல நின்னு "அய்யா, தோட்டத்தக் கொஞ்சம் பாத்துக்கலாமா"னு கேட்டா பெரும்பாலும் வாங்கனுதான் சொல்லுவாங்க, வெட்டு நடக்குற அன்னிக்கு மட்டும் வேலை நெருக்கடில முகம் குடுக்க நேரம் இருக்காது. மருந்து அடிச்சிட்டு இருந்தா அவங்க கூப்பிட்டாலும் உள்ள போகாதீங்க.

கொடில இருந்து பறிச்சு அப்படியே வாய்ல போடலாமா? மேல வெள்ளையா மாவு மாதிரி இருக்கே, அது மருந்துதானே?

அந்த மெல்லிசா படிஞ்ச வெள்ளை, திராட்சை தானா உண்டாக்குற மெழுகு. பழம் வறண்டு போகாம காக்குறது அதுதான், விரலால தேச்சா போயிரும், அது இருந்தா பழத்த அதிகமா யாரும் கையாளலனு அர்த்தம், நல்லதுதான். மருந்து வேற மாதிரி இருக்கும், சொட்டு சொட்டா காஞ்ச கறை, இல்லனா இலைலயும் காம்புலயும் நீலம் கலந்த வெள்ளை. அது போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும்.

பறிச்சு அப்படியே சாப்டாதீங்க. கண்ணுக்குத் தெரியாம இருக்குற மருந்தும் உண்டு, திராட்சைக்கு பூஞ்சாண நோய் ரொம்ப வரும், அதனால மருந்து அடிக்காம எடுக்குறவங்க கம்மி. கடைசியா மருந்து அடிச்சு இத்தன நாள் கழிச்சுதான் வெட்டணும்னு கணக்கு இருக்கு, அந்தத் தோட்டம் எந்த நாள்ல இருக்குனு தோட்டத்துக்காரருக்குத்தான் தெரியும். கேளுங்க, ஓடுற தண்ணில நல்லா அலசிட்டு சாப்டுங்க. கேக்காம பறிக்கிறது தனித் தப்பு, ஒரு குலைல நாலு பழத்தப் பிச்சா அந்தக் குலையே விலை போகாது.

பன்னீர் திராட்சை அஞ்சு கிலோ வாங்கி சென்னைக்குக் கொண்டு போறதுக்குள்ள கூழா போச்சு, என்ன பண்ணனும்?

அந்த ரகமே அப்படித்தான், தோல் மெல்லிசு, சாறு அதிகம், காம்புல இருந்து சீக்கிரம் உதிரும். ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு காலைல வெட்டினதா கேட்டு வாங்குங்க. பிளாஸ்டிக் கவர்ல அமுக்காம அட்டைப் பெட்டில பேப்பர் போட்டு ஒரு அடுக்கு ரெண்டு அடுக்கா வைங்க, கார் டிக்கில வெயில்ல போடாதீங்க. வீட்டுக்குப் போனதும் கழுவாம ஃபிரிட்ஜ்ல வச்சு, சாப்டும்போது மட்டும் கழுவுங்க. ரெண்டு மூணு நாள்ல முடிக்கிற அளவு வாங்குறதுதான் புத்திசாலித்தனம், சொந்தக்காரங்க எல்லாருக்கும் குடுக்கணும்னா விதையில்லாதத வாங்குங்க.

திராட்சை இருக்குன்னா ஒயினும் இருக்கணுமே, கம்பத்துல ஒயின் டேஸ்டிங் எங்க?

தேனி மாவட்டத்துல திராட்சைல இருந்து ஒயின் தயாரிக்கிறது நடந்திருக்கு. ஆனா நீங்க ரீல்ஸ்ல பாக்குற மாதிரி தோட்டத்தப் பாத்துட்டு, பீப்பாய் ரூம் சுத்திட்டு, கிளாஸ்ல ஊத்தி ருசி பாத்து, ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வர்ற பழக்கம் இங்க வளரல. தமிழ்நாட்டுல 2003ல இருந்து மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கைல இருக்கு, ஆலை வாசல்ல நின்னு யாரும் பாட்டில் வித்துற முடியாது. அதனால கம்பத்துக்கு பழத்துக்காக வாங்க, ஒயினுக்காக வர வேண்டாம்.

விவசாயி பக்கம் நின்னு பாத்தா இது எனக்கு வருத்தம்தான். விலை சரியிற மாசத்துல பழத்த ஜூஸாவோ ஒயினாவோ மாத்த பெரிய ஆலைங்க பக்கத்துலயே நிறைய இருந்தா, பழம் கொடிலயே காயிற நிலைமை கம்மியாகும். குடிக்கிறது நல்லதா கெட்டதாங்கிறது தனி விஷயம், ஜூஸ் ஆலை வந்தாலும் எனக்கு சந்தோஷம்தான்.

அப்ப ஒயின் ஆலை பாக்கணும்னா எங்கதான் போறது?

பக்கத்துலன்னா பெங்களூரு. நந்தி மலை அடிவாரத்துல தொட்டபள்ளாபுரா பக்கம் குரோவர் ஜம்பா இருக்கு, முன்கூட்டியே புக் பண்ணிட்டுப் போனா சுத்திக் காட்டி ருசி பாக்க வைப்பாங்க. முழுசா அனுபவிக்கணும்னா நாசிக், அங்க கங்காப்பூர் அணைப் பக்கம் சூலா ஒயின்யார்ட்ஸ் 2005லயே டேஸ்டிங் ரூம் ஆரம்பிச்சுட்டாங்க, அத சுத்தி இன்னும் நிறைய ஆலை இருக்கு. ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள போனா அறுவடையோட பாக்கலாம், மத்த மாசத்துல போனா கொடில ஒண்ணும் இருக்காது, கட்டடத்த மட்டும் பாத்துட்டு வருவீங்க.

அங்க இருக்குற ஷிராஸ், கேபர்னே சாவின்யோன், ஷெனின் பிளாங்க் எல்லாம் ஒயினுக்குனே வளக்குற ரகம், பழம் சின்னது, தோல் தடிப்பு, நம்ம பன்னீர் திராட்சை மாதிரி சாப்ட இருக்காது. வயசுக்கு ஆதாரம் கேப்பாங்க, எடுத்துட்டுப் போங்க. வண்டி ஓட்டுறவரு ருசி பாக்கக் கூடாது, டிரைவர் வச்சுட்டுப் போங்க இல்லனா அங்கயே தங்குங்க.

வர்றப்ப பாட்டில் வாங்கிட்டு வரலாமா? இல்லனா பன்னீர் திராட்சை வாங்கி வீட்லயே ஒயின் போட்டா என்ன?

வெளி மாநில மதுவ தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்கு சட்டத்துல கட்டுப்பாடு இருக்கு, செக்போஸ்ட்ல மாட்டினா பாட்டிலும் போகும் கேஸும் வரும். ருசி பாத்ததோட விட்டுட்டு வாங்க. வீட்ல புளிக்க வைக்கிறதும் லைசென்ஸ் இல்லாம பண்ணினா 1937 தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குத்தம்தான், யூடியூப்ல எல்லாரும் போடுறாங்கனு நினைச்சு இறங்காதீங்க. பன்னீர் திராட்சைல ஜூஸ், ஜாம் பிரமாதமா வரும், அத போடுங்க.

பெரிய ரிசார்ட் பண்ணை வேண்டாம், ஒரு குடும்பம் நிஜமா விவசாயம் பண்றத பாக்கணும். யாரக் கேக்குறது?

சந்தைலயே கேளுங்க. ரெண்டு மூணு வாரம் ஒரே ஆள்கிட்ட கீரை வாங்கினீங்கன்னா அவங்களே "ஊருக்கு வாங்க தம்பி"னு கூப்பிடுவாங்க, அது சும்மா மரியாதைக்கு சொல்றது இல்ல. அப்படி முகம் தெரிஞ்சு போற வீட்ல கிடைக்கிறது எந்தப் பேக்கேஜ் டூர்லயும் கிடைக்காது. இல்லன்னா கரூர் மாவட்டம் கடவூர்ல இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் உருவாக்கின வானகம் மாதிரி இடங்கள்ல பயிற்சி நடத்துறாங்க, அங்க போனா அதே நினைப்புல இருக்குற விவசாயிங்க பல பேரோட பழக்கம் கிடைக்கும்.

போற நாளுக்கு முன்னாடி போன் பண்ணுங்க, எத்தன பேர் வர்றோம்னு சொல்லுங்க. நாலு பேர்னு சொல்லிட்டு ரெண்டு கார்ல இறங்காதீங்க, அவங்க சோறு ஆக்கி வச்சிருப்பாங்க. காலைல ஆறுல இருந்து பத்துக்குள்ள போங்க, பதினொரு மணிக்கு மேல வெயில்ல அவங்களும் ஓய்வெடுக்கணும்.

சின்னப் பசங்கள கூட்டிட்டுப் போறோம், எதுல கவனமா இருக்கணும்?

முதல்ல கிணறு. நம்ம ஊர்ல நிறையக் கிணத்துக்கு சுவர் இருக்காது, புல்லு மூடி ஓரமே தெரியாது. பம்ப்செட் தொட்டில குளிக்கிறது பசங்களுக்கு சொர்க்கம்தான், ஆனா வீட்டுக்காரங்க சொன்ன அப்புறம்தான், மோட்டார் சுவிட்சுப் பக்கம் போகவே விடக் கூடாது. காட்டுப்பன்றிக்காக வேலில கரண்ட் வச்சிருக்காங்களானு கேட்டுக்கோங்க. ஷூ போட்டு விடுங்க, சொட்டுநீர் ட்யூப மிதிக்காம வரப்புல நடக்கச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும், களத்துல நெல்லு காயுதுன்னா செருப்பக் கழட்டிட்டுதான் போகணும், குவியல் மேல ஏறி விளையாடக் கூடாது, யாரும் வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க ஆனா மனசு சங்கடப்படும்.

இயற்கை விவசாயம்னு சொல்லி டபுள் ரேட் சொல்றாங்க, சர்டிஃபிகேட் காட்டச் சொல்லலாமா?

கேக்கலாம், தப்பில்ல, ஆனா இல்லனு சொன்னா உடனே பொய்னு முடிவு பண்ணாதீங்க. ஆர்கானிக் உணவுக்கான 2017 விதிகள்லயே, சின்ன விவசாயி தன் விளைச்சல நேரா சாப்பிடுறவங்களுக்கு வித்தா சான்றிதழ் கட்டாயம் இல்லனு விலக்கு இருக்கு. பாக்கெட் போட்டு கடைல வைக்கிறதுக்குத்தான் ஆர்கானிக் சான்று முத்திரை பாக்கணும். சான்றிதழ்ல ரெண்டு வழி: தமிழ்நாடு விதை மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை மாதிரி அமைப்பு வந்து சோதிச்சுக் குடுக்குறது ஒண்ணு, பக்கத்து விவசாயிங்க குழுவா சேந்து ஒருத்தர ஒருத்தர் சோதிக்கிற பிஜிஎஸ் இன்னொண்ணு.

தோட்டத்துக்குப் போற உங்களுக்கு காகிதத்த விட நல்ல ஆதாரம் கண்ணு முன்னாடியே இருக்கு. மாடு இருக்கா, எருக்குழி இருக்கா, ஜீவாமிர்தம், அதாவது சாணமும் கோமியமும் சேத்துக் கரைக்கிற கரைசல், கலக்குற டிரம் ஈரமா இருக்கா, ஒரே பயிரா இல்ல பல பயிர் கலந்து இருக்கா, பக்கத்து வயல்ல மருந்து அடிச்சா இங்க வராம இருக்க வரப்போரம் என்ன வச்சிருக்காங்க, இதெல்லாம் பாருங்க. பூச்சி வந்தா என்ன பண்ணுவீங்கனு கேளுங்க. நிஜமா பண்றவரு வேப்பங்கொட்டைக் கரைசல்ல ஆரம்பிச்சு போன வருஷம் எது பலிக்கல, எவ்ளோ நட்டம்னு வரைக்கும் சொல்லுவாரு. நட்டத்தப் பத்தியே பேசாம மூச்சுக்கு மூச்சு அமிர்தம்னு சொல்றவர்கிட்ட நான் கொஞ்சம் தள்ளியே நிப்பேன்.

நாட்டு விதை எங்க வாங்குறது? தோட்டத்துக்குப் போனா சும்மா கேக்கலாமா?

ஒரு கைப்பிடி கீரை விதை, சுரை விதை எல்லாம் பிரியமா குடுப்பாங்க, கேக்கலாம். பாரம்பரிய நெல்லுன்னா திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் ஆரம்பிச்ச நெல் திருவிழா, அவர் 2018ல காலமான அப்புறமும் அந்த வேலை தொடருது. அங்க விவசாயிங்களுக்கு 2 கிலோ விதை நெல் குடுப்பாங்க, அடுத்த வருஷம் விளைய வச்சு 4 கிலோவா திருப்பிக் குடுக்கணும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவைனு 170 ரகத்துக்கு மேல அவர் மீட்டெடுத்தது இப்படித்தான். மாடித்தோட்டத்துக்கு அழகுக்கு வைக்க அந்த விதைய வாங்கிடாதீங்க, நிலம் இருந்து நிஜமா விதைக்கிறவங்களுக்குப் போகட்டும்.

சுத்திக் காட்டி, இளநி வெட்டிக் குடுத்து, சாப்பாடும் போட்டாங்க, காசு குடுத்தா வாங்கவே மாட்டேங்கிறாங்க. என்ன பண்ண?

கைல காசத் திணிக்காதீங்க, விருந்தாளிகிட்ட காசு வாங்கினா அவங்களுக்கு அது மரியாதைக் குறைவு. அதுக்குப் பதிலா அவங்க விக்கிற பொருள அவங்க சொல்ற விலைக்கு தாராளமா வாங்குங்க, தேங்காயோ வெல்லமோ நாட்டுக்கோழி முட்டையோ எதுனாலும். போகும்போது பசங்களுக்குப் பழம், பிஸ்கட், பெரியவங்களுக்கு வெத்தலை பாக்குனு எதாவது கொண்டு போங்க. ஊருக்கு வந்ததும் எடுத்த ஃபோட்டோவ அனுப்பி விடுங்க, தாத்தாவும் பாட்டியும் சேந்து நிக்கிற நல்ல படம் நிறைய வீட்ல இருக்காது, பிரிண்ட் போட்டுக் குடுத்தா சுவத்துல மாட்டிருவாங்க.

வீடியோ எடுத்துப் போட்டா அவங்களுக்கு பிசினஸ் வரும்தானே, எடுக்கலாமா?

கேட்டுட்டு எடுங்க, போடுறதுக்கு முன்னாடி காட்டிட்டுப் போடுங்க. ஊர் பேரு, போன் நம்பர், வழி எல்லாம் போட்டுட்டீங்கன்னா அடுத்த ஞாயித்துக்கிழமையே முப்பது வண்டி வரும், ரெண்டு பேர் வேலை பாக்குற தோட்டம் அதத் தாங்காது. வயல்ல குனிஞ்சு வேலை செய்யிற பொம்பளைங்கள கேக்காம எடுக்கவே எடுக்காதீங்க.

தோட்டத்துல நேரா வாங்கினா விவசாயிக்கு நல்லதுன்றீங்க. அப்ப அவங்க ஏன் இன்னும் எல்லாத்தையும் வியாபாரிக்கே குடுக்குறாங்க?

பன்னீர் திராட்சை எவ்ளோ சீக்கிரம் கெடும்னு மேல சொன்னேன்ல, காரணம் அதுலதான் இருக்கு. பழம் பக்குவத்துக்கு வந்துட்டா சில நாளுக்குள்ள பந்தல் மொத்தமும் காலியாகணும், டன் கணக்குல. வியாபாரி தோட்டத்தயே பேசி முடிச்சு, வெட்டுற ஆள், பெட்டி, லாரி எல்லாம் அவரே கொண்டு வந்து ஒரே மூச்சுல எடுத்துட்டுப் போயிருவாரு, கவாத்து நேரத்துல கை மாத்தாவும் காசு குடுத்திருப்பாரு. டூர் வந்த நீங்க வாங்குற ரெண்டு கிலோ, அன்பா இருந்தாலும், அந்த இடத்த நிரப்பாது. அதனால வியாபாரிய வில்லனா நினைச்சு விவசாயிக்கு புத்தி சொல்ல ஆரம்பிக்காதீங்க, அவங்களுக்குக் கணக்குத் தெரியும்.

நிஜமா உதவணும்னா அளவு கூடணும், நிச்சயமா வாங்குவாங்கனு நம்பிக்கையும் வரணும். உங்க அபார்ட்மெண்ட்ல இருபது வீடு சேந்து, இந்த மாசம் இத்தன பெட்டினு முன்னாடியே சொல்லி, பாதிக் காச அப்பவே போட்டு, குலை சிறுசா இருந்தாலும் மழைல ஒரு வாரம் தள்ளிப் போனாலும் சரினு ஒத்துக்கிட்டா, ஒரு விவசாயி கொஞ்சப் பங்க உங்களுக்குனு ஒதுக்கி வைக்கத் துணிவாரு. கம்பத்துல இருந்து ராத்திரி ஆம்னி பஸ்ல பெட்டி போட்டு அனுப்புறதுக்கு வழி இருக்கு, காலைல பெட்டிய இறக்கிப் பிரிச்சுக் குடுக்க உங்க பக்கம் பொறுப்பா ஒரு ஆள் வேணும். அந்த ஆள் கிடைச்சதும் எனக்குச் சொல்லுங்க, எந்தத் தோட்டத்துல எப்ப வெட்டுனு கேட்டுச் சொல்றேன்.